காட்டிலும் மலையிலும் மெத்தை போட்டுத் தூங்கியவர்கள்: கிளாம்பிங் அனுபவப் பகிர்வு

சேலத்திலிருந்து

காட்டில் ஒரு ராத்திரியாவது தங்க வேண்டும் என்று அம்மா பல வருஷமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். அப்பா இருந்தவரை அது அமையவில்லை. இப்போது அம்மாவுக்கு முழங்கால் தேய்மானம். தரையில் உட்கார்ந்தால் எழ முடியாது, வெஸ்டர்ன் டாய்லெட் இல்லாமல் ஆகாது. மூட்டையைத் தோளில் மாட்டிக்கொண்டு போய்த் தரையில் படுக்கிற கேம்பிங் எங்களுக்குச் சரிப்படாது. கட்டில், மெத்தை, ஒட்டினாற்போல் பாத்ரூம், சுடுதண்ணீர், வேளைக்குச் சாப்பாடு எல்லாம் இருக்க வேண்டும், சுவர் மட்டும் துணியாக இருந்தால் போதும் (இதைத்தான் கிளாம்பிங் என்கிறார்கள்) என்று தேடியதில் கிடைத்தது பரம்பிக்குளம்.

ஊர் கேரளத்தின் பாலக்காடு மாவட்டத்தில் இருந்தாலும் வண்டிப்பாதை நம் பக்கம்தான். பொள்ளாச்சி, ஆனைமலை, சேத்துமடை செக்போஸ்ட், டாப்ஸ்லிப், அதைத் தாண்டினால் கேரள வனத்துறையின் செக்போஸ்ட். டாப்ஸ்லிப்பில் ஹ்யூகோ வுட் கல்லறைக்கு அம்மாவைக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போனேன். தேக்கை வெட்டி வெட்டி மொட்டையாகிக்கொண்டிருந்த மலையில் மறுபடி காடு எழும்ப வைத்த வனத்துறை அதிகாரி அவர். 1933-ல் காலமானார். வளர்த்த மரங்களுக்கு நடுவிலேயே படுத்திருக்கிறார். அம்மா செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்.

கூடாரங்கள் ஆனப்பாடியில் இருக்கின்றன. தளம் போட்டு உயர்த்திய மேடை, அதன்மேல் கனமான கான்வாஸ், உள்ளே இரண்டு கட்டில், பின்பக்கம் பாத்ரூம். சொகுசு என்று பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை, ஆனால் அம்மாவுக்கு வேண்டியது எதுவும் குறையவில்லை. எங்களோடு வந்த வழிகாட்டி மலசர் பழங்குடியைச் சேர்ந்த இளைஞர். தமிழும் மலையாளமும் கலந்து பேசுவார். அம்மாவின் நடையைப் பார்த்ததுமே எங்களைக் கேட்காமல் கேன்டீனுக்குப் பக்கத்துக் கூடாரத்தை மாற்றிக் கொடுத்து, படியோரம் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியும் கொண்டுவந்து போட்டார். அந்த நாற்காலியில்தான் அம்மா சாயங்காலம் முழுக்க உட்கார்ந்திருந்தார். இருட்டினால் வெளியே வரக்கூடாது, டார்ச்சை விலங்கு கண்ணில் அடிக்கக்கூடாது, ஜிப்பை அடிவரை இழுத்து மூட வேண்டும் என்பது மட்டும் கண்டிப்பான உத்தரவு.

விளக்கணைத்துப் படுத்து ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். சரக், சரக் என்று புல்லைப் பிடுங்கும் சத்தம். துணிக்கு அந்தப் பக்கம், கையெட்டும் தூரத்தில் புள்ளிமான் கூட்டம். மெல்லுவதும் மூக்கை உறிஞ்சுவதும் தனித்தனியாகக் கேட்டது. சின்ன வயதில் மாட்டுக்கொட்டகையை ஒட்டின திண்ணையில் படுத்த மாதிரி இருக்கிறது என்று அம்மா காதோரம் சொன்னார். அப்புறம் தூரத்தில் ஒரு கடமான் கத்தியதும் மேய்ச்சல் சட்டென்று நின்றுவிட்டது. கூட்டம் முழுக்க அசையாமல் நிற்பது எங்களுக்கும் தெரிந்தது. எவ்வளவு நேரம் அப்படி நின்றனவோ, மறுபடி மேய ஆரம்பித்த பிறகுதான் நாங்களும் மூச்சை விட்டோம். கான்கிரீட் சுவராக இருந்திருந்தால் இதில் பாதிகூடக் கேட்டிருக்காது.

மறுநாள் வனத்துறை வண்டியிலேயே கன்னிமாரா தேக்கு வரை போனோம். அண்ணாந்து பார்க்க வைக்கிற உயரம், அடிமரத்தின் சுற்றளவு 7 மீட்டரை ஒட்டி வரும். வெட்டப் போனபோது ரத்தம் பீறிட்டது, அதனால் விட்டுவிட்டுக் கும்பிட ஆரம்பித்தோம் என்று பழங்குடி மக்கள் சொல்கிற கதையை வழிகாட்டி சொன்னார்.

இதுபோல் கூடாரத்திலோ, குடிசையிலோ, டோம் என்கிற உருண்டைக் கூடாரத்திலோ தங்கியவர்கள் எழுதுங்கள். படுக்கை, பாத்ரூம், குளிர், சாப்பாடு எல்லாவற்றையும் விவரமாகச் சொன்னால் நல்லது. பெரியவர்களைக் கூட்டிப்போனவர்கள் அவசியம் எழுத வேண்டும்.


கோவையிலிருந்து

அம்மாவைக் கூட்டிட்டுப் போனது ரொம்ப சந்தோஷமா இருந்துச்சுங்க அண்ணா. நாங்க போனது ஜனவரியில, கோத்தகிரிக்கு அந்தப் பக்கம் தேயிலைச் சரிவுல போட்டிருந்த ஒரு டோம். பாதி வெள்ளைத் துணி, மீதி கண்ணாடியாட்டத் தெரியற பிளாஸ்டிக். படுத்துட்டே நட்சத்திரம் பாக்கலாம்னு சொன்னது நெசம்தான். மிருகசீரிடத்தோட மூணு நட்சத்திரமும் நேரா தலைக்கு மேல வந்து நின்னதைப் பாத்துட்டு என் பொண்ணு தூங்கவேயில்லை.

ஆனா விடியக்காலம் மூஞ்சியில சொட்டுச் சொட்டாத் தண்ணி விழுந்துச்சுங்க. மழை இல்லை. உள்ள படுத்திருக்கறவங்க மூச்சுல இருக்கற ஈரம், வெளிக்குளிர்ல சில்லுனு கெடக்கற பிளாஸ்டிக்ல பட்டுத் தண்ணியாகிக் கம்பளி மேலயே இறங்குது. எட்டரை மணிக்கு வெயில் ஏறுனதும் அதே டோம்குள்ள புழுங்கி உக்கார முடியலை. அதனால டோம்ல தங்கறவங்க பதிவு பண்றதுக்கு முன்னாடியே கேளுங்க: மேலயும் கீழயும் காத்துப் போக வழி இருக்கா? துணி ரெண்டு அடுக்கா? உள்பக்கம் இழுத்து விடறதுக்குத் திரை இருக்கா? திரை இல்லைனா ராத்திரி விளக்குப் போட்டதும் வெளிய நடக்கறவங்களுக்கு உள்ள இருக்கறது அத்தனையும் தெரியும். பொம்பளைங்களுக்கு இது முக்கியம்.

இன்னொண்ணு, இதை யாரும் லேசா எடுத்துக்காதீங்க. குளிரா இருக்குன்னு சொன்னதும் அங்க வேலை பாத்த பையன் அன்பா ஒரு கரியடுப்பைத் தூக்கிட்டு வந்து உள்ள வெக்கப் போனான். வேண்டவே வேண்டாம்னு வெளிய வெச்சுட்டோம். புகை இல்லாம கனிஞ்சு கெடந்தாலும் கரியில இருந்து கார்பன் மோனாக்சைடு வரும். வாசனை இருக்காது, கண்ணு எரியாது, தூக்கத்துலயே உசுரு போயிரும். மூடுன கூடாரத்துக்குள்ள கரி, வெறகு, கேஸ் அடுப்பு எதுவுமே கூடாது. வெந்நீர்ப் பை கேளுங்க, கூட ரெண்டு கம்பளி கேளுங்க. டிசம்பர், ஜனவரியில ஊட்டி காந்தல், தலைக்குந்தா பக்கமெல்லாம் புல்லு மேல உறைபனி விழும். அந்தக் குளிருக்குத் தயாரா போகோணும்.

2024 மே 7-ல இருந்து நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வேணும். உயர் நீதிமன்ற உத்தரவு. கிளம்பறதுக்கு முன்னாடியே எடுத்து வெச்சுக்கோங்க. தண்ணி பாட்டில் ஸ்டீல்ல கொண்டு போங்க, பிளாஸ்டிக் பாட்டிலுக்கு மலையில தடை.


கூடலூரிலிருந்து

கோவை அக்கா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்கிறேன். நான் இங்கே பிறந்து வளர்ந்தவன், ஜீப் ஓட்டுகிறேன். கூடாரம் எவ்வளவு அழகு என்று பார்ப்பதற்கு முன்னால், அது யார் நடக்கிற வழியில் போட்டிருக்கிறது என்று பாருங்கள். சீகூர் பள்ளத்தாக்கு யானைகளின் வழித்தடம். அதை யானை வழித்தடமாக அறிவித்த தமிழக அரசாணை செல்லும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதற்கு முன்பே பல ரிசார்ட்டுகள் சீல் வைக்கப்பட்டன. 2021 ஜனவரியில் மசினகுடியில் ஒரு தங்கும் விடுதிக்குள் வந்த யானையை விரட்ட எரிகிற டயரை வீசினார்கள். காது வெந்து அந்த யானை செத்துப்போனது. அதே மாதம் வயநாட்டில் மேப்பாடிப் பக்கம் டென்ட்டில் தங்கியிருந்த ஒரு பெண்ணை யானை தாக்கிக் கொன்றது. ஒரே மாதத்தில் இரண்டு உயிர். இரண்டுமே எங்கள் வாசலில் நடந்தவை.

யானை வரும் என்பதற்காக யாரும் பயந்து வீட்டில் உட்கார வேண்டாம். வனத்துறையே நடத்துகிற இடம் என்றால் அகழி எங்கே, வேலி எங்கே, ராத்திரி காவலுக்கு யார் என்று எல்லாம் யோசித்திருப்பார்கள். தனியார் இடம் என்றால் உள்ளாட்சி உரிமம் இருக்கிறதா, சுற்றுலாத் துறைப் பதிவு இருக்கிறதா என்று நேராகக் கேளுங்கள். பதிலில் இழுத்தால் போகாதீர்கள். காட்டை ஒட்டின பட்டா நிலத்தில் நான்கு டென்ட்டை அடித்து, ராத்திரி நெருப்பு மூட்டி, ஸ்பீக்கர் வைத்து ஆடவிடுகிற இடங்களால் கெட்ட பெயர் எங்கள் ஊர் முழுக்கத்தான் வருகிறது.

கூடாரத்துக்குள் வாழைப்பழம், பலாச்சுளை, வெல்லம், உப்பு எதையும் வைத்துக்கொண்டு படுக்காதீர்கள். யானைக்கு மோப்பம் நெடுந்தூரத்துக்கு எட்டும். துணிச்சுவர் அதற்கு ஒரு தடையே இல்லை. பலா பழுக்கிற ஜூன், ஜூலையில் பலாமரத்தடியில் கூடாரம் போட்டிருந்தால் வேறு இடம் மாற்றித் தரச் சொல்லுங்கள். பிப்ரவரியிலிருந்து மழை வரும்வரை காய்ந்த காட்டில் நெருப்பே கூடாது. 2018 மார்ச்சில் தேனிப் பக்கம் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் கருகிச் செத்தது எல்லோருக்கும் தெரியும்.


இலங்கை மாத்தளையிலிருந்து

சேலத்து அண்ணன் அம்மாவோடு போனதை வாசித்ததும் நானும் எழுதத்தான் வேண்டும் என்று நினைத்தேன்.

என் அம்மா தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வு பெற்றவர். பாட்டியும் அதே தோட்டம்தான். தோட்ட வேலைக்குத் தமிழர்கள் மலையகம் வந்து 200 வருசமானதை நினைத்து, 2023-ல் ‘மலையகம் 200’ என்று தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரைக்கும் நடந்தார்களே, அந்தப் பாதையில் காட்டுக்குள்ளால் நடந்து வந்த சனத்தின் பிள்ளைகள் நாங்கள். லயத்துக் காம்பிராவில், அதாவது தோட்டத்து வரிசைவீட்டு அறையில் பிறந்து வளர்ந்த நான் படித்து வேலைக்கு வந்த பிறகு, அம்மாவை ஒரு தரம் விருந்தாளியாகத் தேயிலை மலைக்குக் கூட்டிப்போக வேண்டும் என்று ஆசைப்பட்டேன். கண்டிக்கு மேலே மடுல்கலைப் பக்கம், நக்கிள்ஸ் மலைத்தொடரைப் பார்த்தபடி தேயிலைக்கு நடுவில் கூடாரங்கள் இருக்கின்றன. மரத்தால் உயர்த்திக் கட்டிய தளம், அதன்மேல் பெரிய கூடாரம், உள்ளே பலகைத் தரை, வெள்ளைச் சீலை விரித்த கட்டில், குளியலறை. இராத்திரி சாப்பிட்டுவிட்டுத் திரும்பி வந்தால் கம்பளிக்கு அடியில் சுடுதண்ணீர்ப் பை வைத்திருக்கிறார்கள். அம்மா அதைத் தொட்டுப் பார்த்துவிட்டு, இது யார் வைத்தது என்று இரண்டு மூன்று தரம் கேட்டார். வைத்த பிள்ளையைத் தேடிப்போய் விசாரித்தால், அது எங்கள் பக்கத்துத் தோட்டத்துப் பிள்ளை. அதற்குப் பிறகு அம்மாவுக்கு அந்த இடம் சொந்த வீடாகிவிட்டது.

காலை ஐந்தரைக்கே எழுந்து தளத்தில் போய் நின்றுவிட்டார். கீழே மலையில் கொழுந்துக்காரப் பெண்கள் வரிசை பிடித்து ஏறிக்கொண்டிருந்தார்கள். காலையில் பெயர் கூப்பிடுகிற பெரட்டுக்களத்துக்குப் பிந்தி வந்தால் பெயர் விழாது என்று எத்தனை வருசம் இருட்டில் ஓடியிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். நான் பேசாமல் பக்கத்தில் நின்றேன். அம்மா படியிறங்கிப் போய்த் தளத்தை ஒட்டின செடியில் இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கிள்ளினார். கை பழக்கம், பார்க்கக்கூட இல்லை. கிள்ளியதை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டு, கவ்வாத்து நேரத்துக்கு வெட்டவில்லை, செடி முற்றிப்போய்விட்டது என்றார். தேநீர் கொண்டுவந்த பையன் அதைக் கேட்டுவிட்டு, ஆமாம் ஆச்சி, ஆள் இல்லை என்று பதில் சொன்னான். இருவரும் அந்தத் தோட்டத்தைப் பற்றி அரை மணி நேரம் கதைத்தார்கள். ஜேம்ஸ் டெய்லர் என்ற வெள்ளைக்காரர் 1867-ல் லூல்கந்துரையில் இலங்கையின் முதல் தேயிலைத் தோட்டத்தைப் போட்ட கதையைச் சுற்றுலாக்காரருக்கு எல்லா இடத்திலும் சொல்லுகிறார்கள். செடியைப் பற்றி என் அம்மாவுக்குத் தெரிந்ததை அன்றைக்குத்தான் ஒருவர் உட்கார்ந்து கேட்டார்.

விபரம் சொல்லுகிறேன். நல்ல குளிர், மழைக்காலத்தில் அட்டை கடிக்கும். காலுறையை இழுத்து விட்டு, அதன்மேல் சவர்க்காரம் பூசிக்கொண்டு நடவுங்கள். கூடாரத்துக்கும் சாப்பாட்டு மண்டபத்துக்கும் இடையில் படிகள் உண்டு. முழங்கால் வருத்தம் உள்ளவர்களுக்குக் கிட்டடிக் கூடாரம் வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைக்க வேண்டும். விலை கூடத்தான். பிள்ளைகளோடு ஆடிப்பாட நினைப்பவர்களுக்கு இது பொருந்தாது, அமைதியாக இருக்கத்தான் எல்லோரும் வருகிறார்கள்.


துபாயிலிருந்து

எனக்குச் சொந்த ஊர் ராமநாதபுரம், இங்கே வேலை. வளைகுடாவில் இருப்பவர்களுக்காக எழுதுகிறேன். ஹத்தா என்று ஒரு மலையூர், துபாய் எமிரேட்டைச் சேர்ந்தது, நகரத்திலிருந்து 130 கிலோமீட்டர் அளவில் வரும். ஹஜர் மலைகளுக்கு நடுவே டிரெய்லர் வீடு, டோம், கேரவன் என்று தங்க இடங்கள் வைத்திருக்கிறார்கள். நாங்கள் எடுத்தது டிரெய்லர். கட்டில், ஏசி, சின்ன ஃபிரிட்ஜ், பாத்ரூம், வெளியே மரத்தளம், நெருப்பு மூட்டத் தனிக் குழி. வீட்டிலிருந்தே மசாலா தடவிய கோழியைப் பெட்டியில் வைத்து எடுத்துப்போனோம். அணையில் கயாக் விட்டுவிட்டு வந்து பிள்ளைகளே சுட்டுச் சாப்பிட்டார்கள்.

விசிட் விசாவில் வந்திருந்த மாமனார், மரம் ஒன்றுகூட இல்லாத மலையில் என்ன பார்க்கப்போகிறோம் என்றுதான் வண்டியில் ஏறினார். சூரியன் இறங்க இறங்க அந்தப் பாறை பழுப்பிலிருந்து செம்மண் நிறத்துக்கு, அப்புறம் ஊதாவுக்கு மாறியதைப் பார்த்துவிட்டு, அஸர் தொழுத பாயிலேயே மஃரிப் வரை உட்கார்ந்துவிட்டார்.

குறை ஒன்று உண்டு. டிரெய்லர்கள் நெருக்கமாக நிற்பதால் பக்கத்துக்காரர் ஸ்பீக்கர் வைத்தால் நாமும் கேட்க வேண்டும். வரிசையின் கடைசி வண்டியைக் கேட்டு வாங்குங்கள். கோடையில் அநேகமாக மூடிவிடுவார்கள். அக்டோபருக்குப் பிறகு திறந்ததும் சனி, ஞாயிறு உடனே நிரம்பிவிடும். ஓமன் எல்லையைத் தொடாத மலீஹா சாலையை மேப்பில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

மழை மேகம் தெரிந்தால் வாதி (மலையிடுக்கில் காய்ந்து கிடக்கும் ஆற்றுப்படுகை) பக்கம் போகவே வேண்டாம். நாம் நிற்கும் இடத்தில் வானம் தெளிந்திருக்கும், மேலே மலையில் பெய்த தண்ணீர் திடீரென்று வரும். வெள்ளம் ஓடும் வாதிக்குள் வண்டி இறக்கினால் 2,000 திர்ஹம் அபராதம், லைசென்ஸில் 23 கரும்புள்ளி, வண்டி 60 நாள் பறிமுதல் என்று 2023-ல் சட்டமே போட்டுவிட்டார்கள்.


சேலத்திலிருந்து

மாத்தளைச் சகோதரி, நீங்கள் எழுதியதை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். உங்கள் அம்மா என்ன ஊர் வழி என்று கேட்கச் சொன்னார். கூடலூர் தம்பி, உரிமம் கேட்கிற விஷயத்தை இனி எங்கே போனாலும் செய்வேன். பலாப்பழ விஷயமும் எனக்குப் புதிது.

பரம்பிக்குளத்தில் வழிகாட்டியும் மரத்தடியைப் பற்றி வேறுவிதமாக எச்சரித்தார். மரத்தடியில் நிழலுக்காக நாற்காலியை நகர்த்தப் போனேன், வேண்டாம் சார், மேலே பாருங்கள் என்றார். மேலே காய்ந்த கிளை ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அங்கேயே வளர்ந்தவர் ஒருவர் கூட இருப்பது ஏசியை விடப் பெரிய வசதி.

கொழுக்குமலையில் டென்ட் போட்டு வைத்திருக்கிறார்கள் என்று நண்பர் சொல்கிறார். அம்மாவைக் கூட்டிப்போகலாமா? தேனிப் பக்கத்து ஆட்கள் யாராவது சொல்லுங்கள்.


சென்னையிலிருந்து

காடும் மலையுமாக எழுதிவிட்டீர்கள், நான் உப்புப் பாலைவனத்துக்குக் கூட்டிப்போகிறேன். குஜராத்தின் கட்ச். புஜ் வரை ரயிலிலோ விமானத்திலோ போய், அங்கிருந்து 80 கிலோமீட்டர் சொச்சம் வண்டியில் போனால் தோர்டோ. குளிர்காலத்தில் ரண் உற்சவத்துக்காக அங்கே ஒரு கூடார நகரமே எழும்புகிறது. தரைவிரிப்பு, ஹீட்டர், ஏசி, பாத்ரூம் எல்லாம் உள்ள கூடாரங்கள். ஐ.நா. சுற்றுலா அமைப்பு 2023-ல் சிறந்த சுற்றுலாக் கிராமங்களில் ஒன்றாகத் தோர்டோவைச் சேர்த்தது.

நாங்கள் தங்கியது அங்கே இல்லை, பக்கத்தில் ஹோட்கா என்ற கிராமத்தில். ஊர்க்காரர்களே சேர்ந்து நடத்துகிற இடம். கூடாரமும் உண்டு, புங்கா என்கிற வட்டமான மண்வீடும் உண்டு. என் வீட்டுக்காரர் கூடாரம் கேட்டார், நான் புங்கா கேட்டேன், என் பக்கம் முடிவானது. தடித்த மண்சுவர், மேலே கூம்பாகப் புல்வேய்ந்த கூரை. சுவரில் கையால் மண்ணை இழைத்து, நடுநடுவே விரல்நகம் அளவுக் கண்ணாடித் துண்டுகளைப் பதித்திருந்தார்கள். ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினால் போதும், சுவர் முழுக்க வெளிச்சப் புள்ளி. 2001 ஜனவரி 26 பூகம்பத்தில் கட்ச்சே தரைமட்டமானபோது இந்த வட்ட வீடுகளில் நிறைய தாக்குப்பிடித்தன. மூலை இல்லாத சுவர் என்பதால் அதிர்வு ஒரே இடத்தில் முட்டாமல் சுற்றிலும் பகிர்ந்துபோகிறது.

ராத்திரி மணிச் சத்தம் கேட்டு எழுந்து கதவைத் திறந்தேன். எருமைகள்! ஒன்றன் பின் ஒன்றாக இருட்டில் போய்க்கொண்டே இருந்தன. பன்னி என்பது அந்தப் புல்வெளியின் பெயர், அங்கத்திய எருமைகளை ராத்திரியில்தான் மேய விடுவார்களாம், விடிந்ததும் தானாகவே கறப்பதற்கு வீடு திரும்புமாம். பகல் வெயிலுக்கு மால்தாரி என்கிற மேய்ப்பர்கள் கண்டுபிடித்த வழி. காலையில் அந்தப் பாலில் போட்ட டீ, கம்பு ரொட்டி, வெண்ணெய், மோர். வரும் வழியில் பிரண்டியாராவில் எருமைப்பால் மாவா விற்கிறார்கள், பால்கோவா வகை. நின்று வாங்கிச் சாப்பிடுங்கள்.

வெள்ளை ரண் என்கிற உப்புவெளிக்குள் போக அனுமதிச் சீட்டு வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும். மழைக்காலத்தில் தண்ணீர் நிற்கிற நிலம் அது, வற்றி உப்பாவதற்கு டிசம்பர் ஆகிவிடும். நவம்பர் ஆரம்பத்தில் போனால் பாதி சேறாக இருக்கும். பௌர்ணமியை ஒட்டிப் பதிவு செய்யுங்கள். உப்பு காலடியில் நொறுங்குகிறது, நிலா வெளிச்சத்தில் செருப்பின் வார்கூடத் தெரிகிறது. குளிர் பத்து டிகிரிக்குக் கீழே இறங்கும் என்பதால் பெரியவர்களுக்குக் காது மூடும் குல்லாய் கட்டாயம்.

ஷாப்பிங் பிரியர்களுக்கு ஒரு வார்த்தை. அஜ்ரக்பூரில் அஜ்ரக் அச்சுத் துணியையும், நிரோனாவில் விளக்கெண்ணெய் காய்ச்சிச் செய்கிற ரோகன் ஓவியத்தையும் செய்கிறவர்கள் கையிலிருந்தே வாங்குங்கள்.


பெங்களூரிலிருந்து

காவிரிக்கரையில் பீமேஸ்வரி. கர்நாடக அரசின் ஜங்கிள் லாட்ஜஸ் நடத்துகிறது, பெங்களூரிலிருந்து 100 கிலோமீட்டர்தான். மரக்கட்டைக் குடிலும் உண்டு, கூடாரக் குடிலும் உண்டு. ஒருகாலத்தில் உலகம் முழுக்கத் தூண்டில்காரர்கள் மஹ்சீர் மீனுக்காக இங்கே வந்தார்கள். காவிரியின் திமில் மஹ்சீர் அழிவின் விளிம்பில் இருப்பதாக 2018-ல் அழியும் உயிரினங்களின் உலகச் செம்பட்டியலில் சேர்க்கப்பட்டது. நாங்கள் பரிசலில் போனோம், ஆற்றுக்கு நடுவே பாறையில் முதலை வெயில் காய்ந்துகொண்டிருந்தது. அவர்கள் காட்டுகிற இடத்தைத் தவிர எங்கேயும் தண்ணீரில் கால் வைக்காதீர்கள். சமதளம், சாப்பாட்டு இடம் பக்கம், முழங்கால் வலிக்காரர்களுக்கு ஏற்றது.


தேனியிலிருந்து

சேலத்து அண்ணே, கொழுக்குமலை பத்திக் கேட்டிருந்தீங்க. அம்மாவுக்கு வேண்டாம்.

ஊரு எங்க தேனி மாவட்டத்துல இருந்தாலும் வண்டி போற பாதை கேரளாவுல சூரியநெல்லியில இருந்துதான். சொந்தக் கார் ஏறாது, அங்க இருக்கற ஜீப்புதான். பாதை முழுக்கப் பாறாங்கல்லு. ஒரு மணி நேரத்துக்கு மேல ரெண்டு கையாலயும் கம்பியப் பிடிச்சுக்கிட்டு உக்காரணும். முதுகு, முழங்கால் பிரச்சனை இருக்கறவங்க இறங்கும்போது அழுததை நான் பாத்திருக்கேன். மேல இருக்கற டென்ட்டு பெரும்பாலும் தரையில மெத்தை விரிக்கற வகை. டாய்லெட்டுக்கு இருட்டுல மேடு பள்ளத்துல நடக்கணும். ஏழாயிரம் அடிக்கு மேல உயரம், ராத்திரி காத்து டென்ட்டையே உலுக்கும்.

உங்களுக்கும் பிள்ளைகளுக்கும்னா கண்டிப்பா போங்க. மேகம் காலுக்குக் கீழ கெடக்க, சிங்கப்பாறைக்குப் பின்னால சூரியன் வர்றதப் பாக்கறதுக்கு ஈடில்ல. தேயிலை ஃபேக்டரியில பழைய முறையில இலையை உருட்டிப் பதப்படுத்தறதையும் நின்னு பாக்கலாம். 2018-ல குறிஞ்சி பூத்தப்ப அந்தச் சரிவு பூரா நீலமா இருந்துச்சு, அடுத்தது 2030.

அம்மா கூட வந்தா சின்னக்கானல், சூரியநெல்லிப் பக்கமே கார் வாசல் வரைக்கும் போற இடமாப் பாத்துத் தங்க வெச்சுருங்க. நீங்க விடியக்காலம் நாலு மணி ஜீப்புல மேல போயிட்டுக் காலைச் சாப்பாட்டுக்குத் திரும்பிரலாம். அந்தப் பக்கமும் யானை நடமாட்டம் உண்டு. 2023-ல எங்க கம்பம் ஊருக்குள்ளயே வந்துச்சே அரிக்கொம்பன், அதோட சொந்த ஊரே சின்னக்கானல்தான். அதனால கூடலூர்த் தம்பி சொன்னதை எல்லாம் அங்கயும் கேளுங்க. இருட்டுன பிறகு அம்மாவை வெளிய நடக்க விடாதீங்க.

வழி போடி, போடிமெட்டு, பூப்பாறை. மெட்டுல 17 கொண்டை ஊசி வளைவு. அம்மாவை முன் சீட்டுல உக்கார வெச்சு, வெறும் வயித்தோட இல்லாம ரெண்டு இட்லி சாப்பிட வெச்சுக் கூட்டிட்டு வாங்க. மத்தியானத்துக்கு மேல மெட்டுல மூட்டம் இறங்கி ரோடு தெரியாது, காலையிலேயே ஏறிருங்க.